‘சீனியர் சொன்னாங்க...’ அது மட்டும் போதுமா? ஆக்குபேஷனல் தெரபி மாணவர்கள் கற்கும் முக்கியமான பாடம்!

பக்கவாதம் வந்து ஒருவருக்கு வலது கை விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நாளாக ஆக மணிக்கட்டு இறுகி, விரல்கள் உள்ளே மடங்குகின்றன. ‘ராத்திரி தூங்கும்போது இந்த ஸ்பிளின்ட்டைப் போட்டு விடுங்க, கை மடங்காது’ என்று தெரபிஸ்ட் சொல்கிறார். குடும்பமும் காசு கொடுத்து வாங்கி, தினமும் கட்டிவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் இன்டர்ன்ஷிப் மாணவி அதை நோட்டில் குறித்துக்கொள்கிறார். நாளை அவரும் தன் நோயாளிக்கு அதையே சொல்வார்.

ஆனால், ஸ்பிளின்ட் போட்டால் கை மடங்காது என்பதை யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவதுதான் ஆக்குபேஷனல் தெரபி படிப்பில் முக்கியமான பாடம்.

வேலை வாங்கித் தரும் படிப்பா?

‘ஆக்குபேஷன்’ என்ற சொல்லைப் பார்த்து, இது வேலைவாய்ப்பு சம்பந்தப்பட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. பல் தேய்ப்பது, சாப்பிடுவது, சட்டைக்குப் பட்டன் போடுவது, சமைப்பது, பள்ளிக்கூடத்தில் எழுதுவது என அன்றாடம் நாம் செய்யும் எல்லாமே இங்கே ‘ஆக்குபேஷன்’தான். நோயோ, விபத்தோ, பிறவிக் குறைபாடோ இவற்றைத் தடுக்கும்போது, மறுபடி செய்ய வைப்பது இந்தச் சிகிச்சையின் வேலை.

ஸ்பிளின்ட் சொல்லும் கதை

பக்கவாதக் கைக்கு இரவில் ஸ்பிளின்ட் கட்டுவது பல நாடுகளில் பல ஆண்டுகளாக இருந்துவரும் வழக்கம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நடாஷா லேனினும் அவரது குழுவினரும் இதைச் சோதித்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். சமீபத்தில் பக்கவாதம் வந்த 63 பேர் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். இரண்டு குழுக்களுக்கு வெவ்வேறு நிலையில் கையை வைக்கும் ஸ்பிளின்ட், மூன்றாவது குழுவுக்கு ஸ்பிளின்ட் இல்லை. 4 வாரம் இரவுதோறும் கட்டிப் பார்த்ததில், மணிக்கட்டு இறுகுவதை ஸ்பிளின்ட் குறைக்கவில்லை.

இதைப் படித்த மாணவி, ‘இனி யாருக்கும் ஸ்பிளின்ட் வேண்டாம்’ என்று முடிவெடுத்தால் அதுவும் தப்பு. தீக்காயம், எலும்பு முறிவு, தசைநார் அறுவை சிகிச்சை போன்றவற்றில் ஸ்பிளின்ட்டின் வேலை வேறு. அந்தக் கைகளைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. யாருக்கு, எந்தச் சிகிச்சையை, எதோடு ஒப்பிட்டு, எந்தப் பலனை அளந்தார்கள்? இந்த நான்கையும் பார்த்த பிறகே ஆய்வு தன் நோயாளிக்குப் பொருந்துமா என்று சொல்ல முடியும்.

நல்ல கைக்கு உறை!

பலன் தந்த ஒரு சிகிச்சையையும் பார்ப்போம். நன்றாக இருக்கும் கைக்கு உறை மாட்டிவிட்டு, பாதிக்கப்பட்ட கையையே வேலை செய்ய வைப்பது ஒரு முறை. அமெரிக்காவில் 222 பேரிடம் நடந்த ‘எக்ஸைட்’ ஆய்வின் முடிவு 2006-ல் வெளியானது. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். 2 வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கையில் உறை. வார நாள்களில் தினமும் 6 மணி நேரம் வரை பயிற்சி. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களின் கை நன்றாக முன்னேறியது. ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் நிலைத்தது.

கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால், பூக்கட்டிப் பிழைக்கும் ஓர் அம்மாவுக்கு இதைத் தொடங்கும் முன் மாணவி யோசிக்க வேண்டியவை நிறைய.

முதலில், அந்த ஆய்வில் சேர மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது நீட்ட முடிந்திருக்க வேண்டும். துளியும் அசையாத கைக்கு இதைக் கொடுத்தால், அந்த அம்மாவுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்பது சுருக்கத்தில் முழுதாக இருக்காது. கட்டுரைக்குள் போய்த் தேட வேண்டும்.

இரண்டாவது, தினமும் 6 மணி நேரம் கூட யார் உட்காருவார்கள்? மகள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடும். ஒரு நாளில் 5 மணி நேரம் மட்டும் நல்ல கையைக் கட்டுப்படுத்தி, வாரம் 3 நாள் அரை மணி நேரப் பயிற்சி என 10 வாரம் பரப்பிச் செய்த சிறிய ஆய்வுகளும் இருக்கின்றன. அந்த வீட்டுக்கு இது ஒத்துவரலாம். மாடிப்படியிலும் குளியலறையிலும் உறையைக் கழற்ற வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் விழுந்துவிடும் ஆபத்து உண்டு.

மூன்றாவது, அந்த ஆய்வில் கேட்கப்பட்ட அன்றாட வேலைகளில் ஸ்பூனால் சாப்பிடுவதும், சாக்ஸ் மாட்டுவதும் உண்டு. இந்த அம்மாவுக்குத் தேவை சாதம் பிசைவது, புடவைக்குக் கொசுவம் வைப்பது, பூக்கட்டுவது. பூக்கட்ட இரண்டு கையும் வேண்டும். அதனால் ஒரு கைப் பயிற்சியோடு நிறுத்தாமல், நாரையும் பூவையும் கொடுத்தே பழக்க வேண்டும்.

சீனியரிடம் எப்படிக் கேட்பது?

மாணவர்கள் தயங்குவது இங்கேதான். ‘நீங்க செய்றது தப்பு’ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. சொல்லவும் தேவையில்லை. ‘மேடம், இப்படி ஓர் ஆய்வு படிச்சேன். நம்ம பேஷன்ட்டுக்கு இது பொருந்துமா?’ என்று கேட்கலாம். சீனியரின் அனுபவத்துக்கும் அதில் இடமிருக்கிறது. ஆதாரம் சார்ந்த மருத்துவத்துக்கு வழிவகுத்தவர்களில் ஒருவரான டேவிட் சாக்கெட், 1996-ல் எழுதிய கட்டுரையில் இரண்டும் வேண்டும் என்றார். ஆதாரத்தைப் பார்க்காத அனுபவம் பழையதாகிவிடும். அனுபவம் இல்லாத ஆதாரமோ நோயாளிக்குப் பொருந்தாமல் போகலாம். இவற்றோடு நோயாளியின் விருப்பமும் சேர வேண்டும்.

தேடுவதற்குப் பெரிய நூலகம் வேண்டியதில்லை. ‘பப்மெட்’, ‘பெட்ரோ’ போன்ற தளங்களில் செல்போனிலேயே இலவசமாகத் தேடலாம்.

கடைசி வேலை, அளப்பது. சிகிச்சை தொடங்கும் நாளில் அந்த அம்மாவால் எத்தனை வாய் சாதம் தானே எடுத்துச் சாப்பிட முடிகிறது? 2 வாரம் கழித்து எத்தனை? எழுதி வைத்தால் தெரிந்துவிடும். மாற்றம் இல்லையென்றால் வழியை மாற்ற வேண்டும்.

குடும்பத்தினர் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

* இந்தச் சிகிச்சை எங்கள் வீட்டு நோயாளியைப் போன்றவர்களுக்குப் பலன் தந்திருக்கிறதா?
* பலன் தெரிகிறதா என்பதை எப்போது, எப்படிப் பார்ப்பீர்கள்?
* வீட்டில் நாங்கள் செய்ய வேண்டியது என்ன?

ஏற்கெனவே ஸ்பிளின்ட் போட்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு நீங்களாகக் கழற்றிவிடாதீர்கள். உங்கள் தெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு வரும் முதல் சில மாதங்கள் மிக முக்கியமானவை. பலன் தராத ஒன்றில் அந்த மாதங்கள் கரைந்தால், இழப்பு நோயாளிக்குத்தான். கேள்வி கேட்கும் மாணவரைப் பார்த்தால் எரிச்சல்படாதீர்கள். அவர் கேட்பது உங்களுக்காகவும்தான்!