காட்டிக்கொடுப்பு என்னும் சொல்

பகிடிவதை என்றதும் நமது பார்வை பல்கலைக்கழகங்கள் மீதே விழுகின்றது. பேராதனைப் பொறியியல் பீட மாணவர் வரப்பிரகாஷ் 1997 இல் அதற்குப் பலியானார். மறு ஆண்டே 20 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. எனினும் அப்பழக்கத்தின் நாற்றுமேடை இடைநிலை வகுப்பறையே என்பது நமது கருத்து. யாழ். குடாநாடு இதற்கு விலக்கன்று.

கனடியப் பாடசாலை மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்தோர் 2001 இல் வெளியிட்ட முடிவு கவனத்திற்குரியது. பத்தில் ஏறத்தாழ ஒன்பது துன்புறுத்தல்கள் சக மாணவர் முன்னிலையிலேயே நிகழ்ந்தன. தடுக்க முன்வந்தோர் மிகச் சிலர். ஆயினும் அவர்கள் தலையிட்டபோது, பாதிக்கு மேற்பட்டவை பத்து விநாடிக்குள் ஓய்ந்தன.

பார்த்திருப்போரின் வாயைக் கட்டுவது எது? ஆசிரியரிடம் முறையிடும் பிள்ளைக்குச் சகபாடிகள் சூட்டும் பெயர் 'காட்டிக்கொடுப்பவன்'. போர்க்காலத்தில் இம்மண்ணில் உயிரையே பறித்த சொல் அது. அதனை வகுப்பறைக்குள் கொண்டுவந்தவர்கள் பெரியோராகிய நாமே.

பட்டப்பெயர்களும் அவ்வாறே. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்தில் நெடுங்காலம் 'அகதி' என்றே அழைக்கப்பட்டனர். பெரியோர் வாயில் புழங்கிய அச்சொல் பிள்ளைகளையும் விட்டுவைக்கவில்லை. மீளக்குடியேறி இங்கு கற்கும் பிள்ளைகளுக்கு வேறொரு பட்டம் காத்திருக்கலாகாது.

பிரம்பு அடித்தவனை மட்டுமே தண்டிக்கின்றது. சுற்றிநின்று சிரித்தோரைத் தொடுவதில்லை. பின்லாந்து 2009 முதல் நாடளாவிய ரீதியில் செயற்படுத்திய திட்டம் அந்தச் சுற்றிநிற்போரையே பயிற்றுவித்தது. நமது வலயக் கல்விப் பணிமனைகள் மாணவ முதல்வர்களிடமிருந்து அதனைத் தொடங்கலாம். முறையிடுவோரின் பெயர் வெளிவராதிருக்க அதிபர்கள் உறுதியளித்தல் வேண்டும்.