எஸ்.ஓ.பி.யில் எதை மறைப்பது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சோஷியாலஜி பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க, பெரும்பாலும் டிசம்பரில் கடைசி நாள் வந்துவிடும். எங்கள் வகுப்பில் நாலு பேர் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்துத் திருத்துவது என்று ஏற்பாடு. நாலு ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸிலும் ஆய்வுமுறை பற்றிய பத்தி மட்டும் அச்சடித்த மாதிரி ஒன்றாகவே இருக்கிறது. "எனக்கு எஸ்.பி.எஸ்.எஸ். தெரியும், சர்வே எடுத்திருக்கிறேன், நேர்காணலும் செய்திருக்கிறேன், இரண்டையும் கலந்து செய்ய ஆசை." கல்யாண வீட்டுச் சமையல்காரர் பாத்திரக் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி! என்ன சமைக்கப் போகிறார் என்பது மட்டும் அதில் இருக்காது.

என் பத்தியும் அப்படித்தான் இருந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எம்.ஏ. ஆய்வேட்டுக்காகத் திருப்பூரில் பனியன் கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றுக்குப் போனேன். சாப்பாடு எப்படி, ஓவர்டைம் உண்டா, வெளியே விடுகிறார்களா என்று 30 பேரிடம் கேட்டுப் படிவம் நிரப்பினேன். எல்லோரும் ஒரே பதில்: "ஒரு குறையும் இல்லைங்க." வேறு என்ன சொல்வார்கள்? வார்டன் அம்மா பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில், லீவுக்கு ஊருக்குக் கிளம்பி நின்ற பெண் ஒருத்தி, நான் கேட்காமலே சொன்னாள்: "அங்க வெச்சுக் கேட்டா யாருங்க சொல்லுவா?"

30 படிவமும் அத்தோடு போயிற்று.

எஸ்.ஓ.பி.யில் நான் எழுதியது: "திருப்பூரில் 30 தொழிலாளர்களை நேர்காணல் செய்தேன்." பொய் இல்லை. உண்மையும் இல்லை. சரி, நடந்ததையே எழுதிவிடட்டுமா என்று கேட்டதற்கு நண்பன் சிரித்தான். "உன் தோல்வியை நீயே எழுதிக் கொடுத்தா எவன்டா சீட் கொடுப்பான்?"

அவன் பயம் நியாயமானதுதான். ஆனால் ஆந்த்ரே பெத்தேயை நினைத்துப் பாருங்கள். 1961-62இல் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தவர். ஊருக்கு 'ஸ்ரீபுரம்' என்று மாற்றுப்பெயர் வைத்து, 1965இல் சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றிய புத்தகமாக வெளியிட்டார். அவர் தங்கியது அக்ரஹாரத்தில். அதனால் சேரிப் பக்கம் இஷ்டம்போல் போய்வந்து பழக முடியவில்லை. இதை அவர் மறைக்கவில்லை, புத்தகத்திலேயே சொல்லியிருக்கிறார். எந்தத் திண்ணையில் உட்கார்ந்து ஊரைப் பார்த்தார் என்று நமக்குத் தெரிவதால்தான், அவர் சொல்வதில் எதை எவ்வளவு எடுத்துக்கொள்வது என்றும் தெரிகிறது.

என்னைக் கேட்டால், ஆய்வுமுறைப் பத்தி மூன்று விஷயம் சொன்னால் போதும். என் கேள்வி என்ன? அதற்கு ஏன் இந்த முறை? இந்த முறையின் கண்ணில் எது படாது?

விடுதிகளில் எத்தனை பேர், எந்த மாவட்டத்திலிருந்து வந்தார்கள், என்ன கூலி என்பது கேள்வியானால் சர்வே வேண்டும். அவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்பது கேள்வியானால், எத்தனை ஆயிரம் படிவம் நிரப்பினாலும் கிடைக்காது. வேலையை விட்டுப் போனவர்களை அவரவர் ஊரிலேயே போய்ப் பார்க்க வேண்டும். பொங்கல், தீபாவளி லீவில் வீட்டுக்கு வருகிறவர்களோடு நிதானமாகப் பேச வேண்டும். அப்போதும் அப்பாவோ அண்ணனோ பக்கத்தில் உட்காரலாம். அந்தச் சிக்கலையும் யோசித்து வைத்திருக்கிறேன் என்று காட்டுவதுதான் ஆய்வுமுறை. சாஃப்ட்வேர் பெயரை ரெஸ்யூமேவில் போட்டுக்கொள்ளலாம்.

அதற்காக எஸ்.ஓ.பி.யை அழுகைப் படலமாக்கச் சொல்லவில்லை. தவறு இரண்டு வரி, அடுத்து என்ன செய்வேன் என்பது ஐந்து வரி. இன்னொன்று, விடுதி எது, அந்தப் பெண் யார் என்று யாரும் கண்டுபிடித்துவிடாதபடி எழுத வேண்டும். நமக்கு சீட் கிடைக்க அவள் வேலை போகக் கூடாது.

என் பத்தியை மாற்றி எழுதிவிட்டேன். சீட் கிடைக்குமா, தெரியாது. ஆனால் பஸ் ஸ்டாப்பில் கேட்டதை விட்டுவிட்டு அனுப்பியிருந்தால், நானும் வார்டன் பக்கத்தில் உட்கார்ந்து "ஒரு குறையும் இல்லைங்க" என்று சொன்ன மாதிரிதான்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?