பாட்டி வீட்டுத் திண்ணைக்கு ரெண்டு க்ளிக் போதும்

போன எபிசோடில் ஸ்பேஷியல் போட்டோ பத்திப் பேசினதிலிருந்து இன்பாக்ஸில் வருவது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சம்மருக்கு ஊருக்குப் போறோம். தாத்தா, பாட்டி, வீடு எல்லாத்தையும் 3டியில் எடுக்கணும். எந்த கேமரா வாங்கலாம் அண்ணா?"

எதுவும் வாங்காதீங்க. கையில் இருக்கிற டிஜிட்டல் கேமராவோ போனோ போதும். இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம். ரெண்டையும் ரெண்டு சாதாரண ஜேபெக் ஃபைலா வச்சுக்கோங்க. இதுதான் என் கட்சி.

ஏன்னு சொல்றேன். நம்ம கண்களுக்கு நடுவில் ஏறக்குறைய 6.5 செ.மீ இடைவெளி. ரெண்டு கண்ணும் பார்க்கிற கோணம் கொஞ்சம் வேற. அந்த வித்தியாசத்தைத்தான் மூளை ஆழமாக எடுத்துக்கொள்கிறது. சார்லஸ் வீட்ஸ்டோன் இதை 1838-லேயே விளக்கிவிட்டார். இருபது வருஷத்தில் விஷயம் நம்ம ஊருக்கே வந்துவிட்டது. மெட்ராஸ் பிரசிடென்சியின் அரசுப் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப், 1858-இல் மதுரை, திருச்சி, தஞ்சாவூர் காட்சிகளை ஸ்டீரியோ ஜோடிப் படங்களாக வெளியிட்டார். (அடுத்து வந்த கவர்னர் ட்ரெவெல்யன் இதெல்லாம் வீண் செலவென்று அந்த வேலையையே மூடிவிட்டார். பட்ஜெட் கட் அப்பவே இருந்திருக்கு!) பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு படம், அவ்வளவுதான் அந்த ஃபார்மட். இன்னிக்கு அதை ஸ்கேன் பண்ணி உங்க போனில் போட்டாலும் கோயில் தூண்கள் முன்னும் பின்னுமாக எழுந்து நிற்கும்.

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். ஃபுஜிஃபில்ம் 2009-இல் ஃபைன்பிக்ஸ் ரியல் 3டி டபிள்யூ1, அடுத்த வருஷம் டபிள்யூ3 என்று இரண்டு கேமராக்களைக் கொண்டுவந்தது. ரெண்டு லென்ஸ், ரெண்டு சென்சார். கண்ணாடி போடாமலே பின்பக்க ஸ்கிரீனில் ஆழம் தெரியும். நிஜமாகவே அருமையான கேமரா. ஆனால் படம் எம்பிஓ என்கிற ஃபைலில் போய் உட்காரும், உள்ளே ரெண்டு ஜேபெக். பெரிசாகப் பார்க்க 3டி டிவி வேண்டும். 2017-இல் எல்ஜியும் சோனியும் 3டி டிவியைக் கைவிட்டன. அந்த எம்பிஓவைச் சாதாரண ஆப்பில் திறந்தால் முதல் படம் மட்டும்தான் தெரியும். அதை எடிட் பண்ணி சேவ் பண்ணினால் ரெண்டாவது படம் போயே போச்சு, போனதும் யாருக்கும் தெரியாது. பழைய சிஸ்டத்திலிருந்து டேட்டாவை மீட்டே பாதி கான்ட்ராக்ட் ஓடுகிற எனக்கு இது ரொம்பப் பழகின கதை.

ஆப்பிள் விஷன் ப்ரோவும் 2024-இல் 3,499 டாலருக்கு வந்தது. அதில் பார்க்கிற அனுபவத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஐபோன் லென்ஸ்களுக்கு நடுவே இடைவெளி 2 செ.மீ அளவுதான், ஆழம் கம்மியாகவே கிடைக்கும். "ஒத்தைப் படத்தையே ஏஐ 3டி ஆக்கிடுதே?" என்பீங்க. வேடிக்கைக்குச் சரி. ஆனால் அந்த ஆழம் மெஷினோட யூகம். பாட்டி காதுக்குப் பின்னால் மறைந்திருக்கிற சுவர் அந்த ஒத்தைப் படத்தில் இல்லவே இல்லை; மெஷின் தானாக வரைகிறது. ரெண்டாவது படம் அந்தச் சுவரை நிஜமாகவே பார்த்திருக்கும். பாட்டி முகத்தை யூகத்துக்கு விட எனக்கு மனசில்லை.

எடுக்கிறது சுலபம். உடம்பு எடையை இடது காலில் வச்சு ஒரு க்ளிக், வலது காலுக்கு மாத்தி இன்னொரு க்ளிக். கேமராவைத் திருப்பக் கூடாது, நேராக நகர்த்தணும். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் லாக் பண்ணிக்கோங்க. எவ்வளவு நகர்த்தணும்? படத்தில் ரொம்பக் கிட்டே இருக்கிற பொருளின் தூரத்தில் 30-இல் ஒரு பங்கு. திண்ணையில் 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கு 7 செ.மீ. 60 மீட்டர் தள்ளி நிற்கிற கோபுரத்துக்கு 2 மீட்டர், அதாவது ரெண்டு மூணு எட்டு. பாட்டியைத் தூணில் சாய்ந்து அசையாமல் இருக்கச் சொல்லுங்க. ஓடுகிற குட்டிப் பசங்களிடம் இது பலிக்காது.

அதுக்கும் வழி இருக்கு. ஒரே மாடல் போன் ரெண்டை நிமிர்த்திப் பக்கத்துப் பக்கத்தில் பிடிச்சால், லென்ஸ் இடைவெளி கிட்டத்தட்ட கண் இடைவெளியே. ரெண்டிலும் வீடியோவை ஓடவிட்டு ஒரு கைதட்டு. அப்புறம் அந்தத் தட்டல் சத்தத்தை வச்சு ரெண்டையும் சேர்த்துக்கலாம். பாட்டி பேசுறதே 3டியில் கிடைக்கும்.

பார்க்க? ஒவ்வொரு படமும் 6 செ.மீ அகலத்துக்கு மிகாமல் பக்கத்துப் பக்கத்தில் வச்சு, தூரத்தில் எதையோ பார்க்கிற மாதிரி கண்ணைத் தளர விடுங்க. வரலைன்னா ரெண்டு லென்ஸ் வச்ச அட்டைப் பெட்டி வியூவர் போதும். விண்டோஸில் ஸ்டீரியோ போட்டோ மேக்கர் இலவசம்; மேலே கீழே விலகியிருந்தால் அதுவே சரிபண்ணிவிடும். சிவப்பு-நீலக் கண்ணாடிக்கான படமாகவும் மாத்தித் தரும், கசின்ஸ் குரூப்பில் போட அது வசதி. ஒண்ணே ஒண்ணு, சிவப்பு நிறம் ஒரு கண்ணுக்குப் பளிச்சென்றும் இன்னொரு கண்ணுக்குக் கறுப்பாகவும் தெரிவதால், பாட்டி நெற்றிக் குங்குமம் மினுக்கிக்கிட்டே இருக்கும். அந்தப் படத்துக்கு மட்டும் அட்டைப் பெட்டியே மேல்.