மோட்டிவேஷன் வரட்டும்னு காத்திருக்காதீங்க! (நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு நீண்ட இழை)

1/


"டாக்டர், நடக்கணும்னு தெரியுது. ஆனா மோட்டிவேஷன் வரமாட்டேங்குது."

அரசு மருத்துவமனையில் சுகர், பிரஷர் ஓபி பார்க்கும் எந்த டாக்டரைக் கேட்டாலும் இந்த வாக்கியத்தைச் சொல்வார். 40 முதல் 60 வயசு வரை, ஆண் பெண் வித்தியாசமில்லாம எல்லாரும் சொல்றது.

இந்த இழை அந்த ஒரு வார்த்தைக்கு எதிராக எழுதப்பட்டது. கொஞ்சம் காரமா இருக்கும். பொறுமையா படிங்க.

2/
மோட்டிவேஷன் என்பது ஒரு உணர்ச்சி. கோபம் மாதிரி, சந்தோஷம் மாதிரி வரும், போகும்.

பிரஷர் மாத்திரையை உற்சாகம் வந்த நாள்ல மட்டுமா போடுறீங்க? பல் துலக்குறதுக்கு முன்னாடி வீடியோ பார்த்து மனசைத் தேத்திக்கிறீங்களா?

தினசரி செய்ய வேண்டிய ஒரு வேலையை, வந்து போகும் உணர்ச்சியோட கயிறு கட்டி வச்சா, உணர்ச்சி போற அன்னைக்கு வேலையும் போயிடும். அவ்வளவுதான் விஷயம்.

3/
சரி, இந்த வார்த்தையை நம்ம வாயில வச்சது யாரு?

ஜனவரியில் "ஒரு வருஷ பேக்கேஜ் பாதி விலை"ன்னு விக்கிறவங்க. "30 நாளில் 10 கிலோ"ன்னு பவுடர் விக்கிறவங்க. காலையில எழுந்ததும் ரீல்ஸ்ல கத்துறவங்க.

வாங்கின மிக்ஸி ஓடலன்னா கடைக்காரரைப் போய்க் கேப்போம். இந்த ஒரு வியாபாரத்துல மட்டும்தான், பொருள் வேலை செய்யலன்னா வாங்கினவன் சோம்பேறின்னு பேரு. அவனும் அதை நம்பிட்டு, அடுத்த ஜனவரியில் மறுபடியும் பணம் கட்டுவான்.

4/
அந்த 10 கிலோ கணக்கைப் போட்டுப் பார்த்துடலாம்.

ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி குறையணும். 10 கிலோவுக்கு 77,000. 30 நாளால வகுத்தா ஒரு நாளைக்கு 2,500க்கும் மேல.

உட்கார்ந்து வேலை பார்க்கும் நடுத்தர வயசுக்காரர் பலருக்கு ஒரு நாளோட மொத்தச் செலவே அவ்வளவு வராது. அதாவது, 30 நாள் பச்சைத் தண்ணி மட்டும் குடிச்சாலும் கணக்கு இடிக்கும். சீக்கிரம் இறங்குற எடையில பெரும்பங்கு தண்ணியும் தசையும்தான். பழையபடி சாப்பிட்டதும் திரும்பி வந்துடும்.

5/
அடுத்த சாக்கு: "நாற்பதைத் தாண்டிட்டா மெட்டபாலிசம் படுத்துடும் டாக்டர்."

2021இல் சயின்ஸ் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. பிறந்து சில நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை, 6,400க்கும் மேற்பட்டவர்கள். உடல் அளவையும் கொழுப்பு, தசை வித்தியாசத்தையும் கணக்கில் எடுத்துப் பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வயது வரை உடல் செலவழிக்கும் சக்தி பெரிதாக மாறுவதில்லை என்றது.

அப்போ நாற்பதுல என்ன மாறுது? தசை குறையுது. நடமாட்டம் குறையுது. தட்டு மட்டும் குறைய மாட்டேங்குது. மூணுமே நம்மால மாத்த முடிஞ்சவை.

6/
இப்போ ஒரு பழைய கதை. மருத்துவ வரலாற்றில் பதிவான கதை.

1953இல் லண்டனில் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களை ஆராய்ந்தார்கள். ஒரே பஸ், ஒரே நிறுவனம். ஆனால் டிரைவர்களைவிட கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கிட்டே இருந்தார்.

அந்தக் கண்டக்டர்கள் யாரும் மோட்டிவேஷன் வீடியோ பார்க்கல. அவங்க பஸ்ல படிக்கட்டு இருந்துச்சு.

7/
என் வாதம் முழுக்க அந்தப் படிக்கட்டுலதான் இருக்கு.

உங்க நாள்ல படிக்கட்டு எங்க இருக்கு? தெருமுனை டீக்கடைக்கு பைக். மளிகைக்கு ஆப். முதல் மாடிக்கு லிப்ட். டிவிக்கு ரிமோட். நாள்ல இருந்த அசைவையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துட்டு, அதுக்குப் பதிலா "மன உறுதி"யை வைக்கச் சொல்றோம். எப்படி நிக்கும்?

அம்மி, ஆட்டுக்கல் காலத்துக்குத் திரும்பச் சொல்லல. அதுல நம்ம பாட்டிகள் பட்ட பாட்டை ஆரோக்கியம்னு புகழ நான் தயாரில்ல. எடுத்த அசைவுல கொஞ்சத்தைத் திரும்ப நாளுக்குள்ள வைங்கன்னுதான் சொல்றேன்.

8/
இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். நம்மாளுங்க பலர் மூணு மாசம் நடப்பாங்க. எடை மெஷின்ல ஏறுவாங்க. ஒரு கிலோ குறைஞ்சிருக்கும், இல்லன்னா அதுவும் இருக்காது. "இதுக்கா இந்தப் பாடு"ன்னு விட்டுடுவாங்க.

இந்த முடிவு எவ்வளவு ஆபத்தானதுன்னு காட்டும் ஆய்வு நம்ம சென்னையில் இருந்தே வந்திருக்கு.

9/
டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவு தடுப்பு ஆய்வு. 2006இல் முடிவு வெளியானது. சுகர் வரும் எல்லையில் நின்ற 531 பேர். சராசரி வயது 46. அதாவது நீங்களும் நானும் பேசிக்கிட்டிருக்கும் அதே வயசு.

வழக்கம்போல விடப்பட்ட குழுவில் மூன்று வருடத்தில் 100க்கு 55 பேருக்கு சுகர் நோய் வந்தது. தினம் அரை மணி நேர நடை, கட்டுப்பாடான சாப்பாடு என்று இருந்த குழுவில் 39 பேருக்கு.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அந்தக் குழுவின் சராசரி எடை குறிப்பிடும்படி குறையவே இல்ல!

10/
மறுபடி படிங்க. எடை குறையல. சுகர் தள்ளிப்போச்சு.

மெஷின்ல முள் அசையலன்னு நடையை நிறுத்தினவர், வேலை செஞ்சுக்கிட்டிருந்த மருந்தை நிறுத்தியிருக்கார். சில வருஷம் கழிச்சு அவர் காலில் ஆறாத புண்ணோட வரும்போது, "அன்னைக்கே விட்டுட்டேன் டாக்டர், ஒரு பலனும் இல்ல"ன்னு சொல்றதைக் கேக்குறது எங்களுக்கு எவ்வளவு வேதனைன்னு உங்களுக்குத் தெரியாது.

11/
முள் ஏன் அசையல? அரை மணி நேரம் நடந்தா சுமார் 120 முதல் 150 கலோரி செலவாகும். நடந்து முடிச்சு பார்க் வாசல்ல சர்க்கரை போட்ட டீ, ஒரு வடை. கணக்கு நேர்.

எடையைக் குறைக்கிறதுல பெரிய பங்கு தட்டுக்கு. நடைக்கு வேற வேலை இருக்கு: இன்சுலினை ஒழுங்கா வேலை செய்ய வைக்கும், பிரஷரை இறக்கும், தூக்கம் தரும், மனசை லேசாக்கும்.

அதனால நடைக்கு மார்க் போட எடை மெஷினைக் கூப்பிடாதீங்க. மாசம் ஒருமுறை இஞ்ச் டேப்பால வயிற்றைச் சுற்றி அளங்க (ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்கணும்). மூணு மாசத்துக்கு ஒருமுறை சுகர் பாருங்க, பிரஷர் பாருங்க. ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குதான்னு பாருங்க.

எடை அதிகமா இருக்கிறவங்க எடையைக் குறைக்கத்தான் வேணும். 80 கிலோ இருக்கிறவர் ஒரு வருஷத்துல 4 கிலோ குறைச்சாலே உடம்புக்குப் பெரிய லாபம். யாரும் கைதட்ட மாட்டாங்க. கல்லீரல் தட்டும்.

12/
"21 நாள் செஞ்சா பழக்கமாயிடும்" என்பதும் கதைதான்.

லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு பழக்கம் படிய ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாள் வரை ஆகலாம் என்று கணித்தார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனாலும் பெரிய பாதிப்பு இல்லை.

22ஆம் நாள் கடுப்பா இருந்தா உங்ககிட்ட குறை இல்ல. சொன்னவங்க கணக்கு தப்பு. கல்யாணம், காய்ச்சல், மழைன்னு நாலு நாள் விட்டுப்போச்சா? அஞ்சாவது நாள் செருப்பை மாட்டுங்க. "திங்கட்கிழமைல இருந்து புதுசா"ன்னு சபதம் வேணாம்.

13/
10,000 ஸ்டெப்ஸும் வேதம் இல்ல. 1960களில் ஜப்பானில் நடையை எண்ணும் கருவி விற்க வைத்த பெயர் அது. வயதான பெண்களிடம் நடந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களுக்கே மரண விகிதம் குறைந்திருந்தது. 7,500ஐ ஒட்டி பலன் சமமாகிவிட்டது.

10,000 முடியலன்னு 3,000த்தோட உட்கார்ந்துடாதீங்க. 3,000த்தை 5,000 ஆக்குங்க.

14/
இப்போ வீட்டுக்குள்ள வர்றேன். இது ஆண்களுக்கு.

தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் உடல் பருமன் அல்லது அதிக எடை உள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம். 2019-21இல் 40.4 சதவீதம். இத்தனை லட்சம் பெண்களும் ஒரே நேரத்துல மன உறுதியை இழந்துட்டாங்களா?

காலையில அஞ்சு மணிக்கு எழுந்தா ஏழரைக்குள்ள மூணு டிபன் பாக்ஸ். சாயங்காலம் வந்தா மறுபடி அடுப்பு. மீந்த சாதத்தைக் கொட்ட மனசு வராம அவங்களே சாப்பிடுறது. தெருவுல இறங்கினா "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்"னு ஒரு குரல். இருட்டுல நாய் பயம், ஆள் பயம்.

அந்தம்மாவுக்குத் தேவை 40 நிமிஷம். மோட்டிவேஷன் அவங்ககிட்ட ஏற்கனவே நிறைய இருக்கு, அதை வச்சுத்தான் உங்க வீடு ஓடுது. காலை சட்னியை நீங்க அரைங்க. அது உங்க மனைவிக்கு எந்த சத்து மாத்திரையைவிடவும் பெரிய உதவி.

15/
ஆட்சியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. "நடப்போம் நலம் பெறுவோம்" என்று 2023இல் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை அமைத்தது நல்ல காரியம். வரவேற்கிறேன்.

ஆனா மாவட்டத்துக்கு ஒண்ணு போதாது. எங்க தெரு பிளாட்பாரத்துல டிரான்ஸ்பார்மர், பிளக்ஸ் கம்பம், நிறுத்தி வச்ச பைக். வயசானவங்க ரோட்டுல இறங்கி நடக்குறாங்க. உடற்பயிற்சி செய்னு போஸ்டர் அடிக்கிறதுக்கு முன்னாடி, கால் வைக்க இடம் கொடுங்க. மக்களே, வார்டு கவுன்சிலரைப் பார்த்தா தெருவிளக்கோட சேர்த்து இதையும் கேளுங்க.

16/
சரி டாக்டர், என்னதான் செய்யணும்?

✅ புதுசா நேரம் தேடாதீங்க. தினம் தவறாம நடக்குற ஒரு வேலையோட நடையை ஒட்டுங்க. இரவு சாப்பிட்டு கை கழுவினதும் 10 நிமிஷம், மொட்டை மாடியா இருந்தாலும் சரி. சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகருக்கு இது ரொம்ப நல்லது.

✅ படிப்படியா வாரத்துக்கு 150 நிமிஷம் வேக நடைக்கு வாங்க. பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகம்.

✅ வாரத்துல ரெண்டு நாள் தசைக்கு. நாற்காலியில கை ஊன்றாம எழுந்து உட்காருங்க, 10 தடவை. சுவரைத் தள்ளுற தண்டால் 10 தடவை. காசு செலவே இல்ல.

✅ சாதத்துல ஒரு கரண்டி குறைச்சு, அந்த இடத்துல காய், சுண்டல் அல்லது முட்டை.

✅ தனியா போகாதீங்க. பக்கத்து வீட்டுக்காரர் வாசல்ல நின்னு கூப்பிட்டா, மோட்டிவேஷன் இல்லாத அன்னைக்கும் கால் தானா போகும்.

17/
எச்சரிக்கை. நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடை வலி, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல், தலைசுற்றல் வந்தா உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. இதய நோய் இருக்கிறவங்க, கடுமையான பயிற்சி தொடங்கப் போறவங்க முதல்ல டாக்டரைப் பாருங்க.

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வேகமா நடக்கக் கூடாது. லோ சுகர் ஆகலாம். பாக்கெட்ல ரெண்டு சாக்லேட் இருக்கட்டும். சுகர் இருக்கிறவங்க வெறுங்காலோட நடக்கவே வேணாம்.

18/
"எனக்கு மன உறுதி கிடையாது"ன்னு உங்களை நீங்களே திட்டிக்கிறதை இன்னியோட விட்டுடுங்க. பிள்ளைகளைப் படிக்க வச்சு, கடன் கட்டி, பெத்தவங்களைப் பார்த்துக்கிட்ட ஆளுக்கு மன உறுதி இல்லன்னு எவன் சொன்னது?

உற்சாகம் வந்தா நல்லது, வரலன்னா அதுக்காக உட்கார்ந்திருக்க வேணாம். செருப்பை மட்டும் வாசல்ல கண்ணுல படுற மாதிரி வைங்க.

முட்டி வலி இருக்கிறவங்க எப்படி நடக்குறதுன்னு பல பேர் கேக்குறீங்க. அது அடுத்த இழையில்.

வீட்டுல நாற்பதைத் தாண்டினவங்க இருந்தா படிச்சுக் காட்டுங்க.