கைத்தொழிலைக் கற்பிக்கும் செலவு யாருடையது?

கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரங்களில் விழுப்புரத்தை அடுத்த சாலைஅகரம் பகுதியில் அகல் விளக்குகள் வெயிலில் காய்வதைக் காணலாம். சக்கரத்தின் முன் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரிடம், ‘உங்களுக்குப் பிறகு யார்?’ என்று கேட்டேன். ‘பையன் சென்னையில கம்பெனி வேலைக்குப் போயிட்டான் சார். வேற யார் வந்து கத்துக்கப் போறாங்க?’ என்றார்.

அன்று மாலை திண்டிவனத்தில், நெடுஞ்சாலையோரப் பட்டறை ஒன்றில் மூன்று இளைஞர்கள் முதலாளியின் கையைப் பார்த்துப் பார்த்து லாரி என்ஜினைப் பிரித்துக்கொண்டிருந்தனர். மூவரும் அவருக்கு உறவினர் அல்லர்.

ஆசானிடம் இருந்து தொழில் பழகும் முறை அழிந்துவிடவில்லை என்பதற்கு அந்தப் பட்டறையே சான்று. பிறப்போடு பிணைக்கப்பட்ட தொழில்களில்தான், மகன் வெளியேறியதும் அம்முறை அறுந்துபோகிறது. மகன் வெளியேறியது இழப்பன்று. அது கல்வி தந்த விடுதலை. அவனுடைய இடத்துக்கு வேறொருவர் வராததே சிக்கல்.

இதற்குப் பொருளியலில் விளக்கம் உண்டு. எங்கும் பயன்படும் திறனைக் கற்பிக்கும் முதலாளி, கற்றவர் விலகிச் சென்றால் செலவிட்டதைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே, குறைந்த கூலியை ஏற்பதன் மூலம் கற்பவரே அச்செலவைச் சுமக்கிறார் என்று 1964-இல் வெளிவந்த தமது ‘மனித மூலதனம்’ நூலில் கேரி பெக்கர் விளக்கினார். பட்டறை இளைஞர் சில ஆண்டுகளில் தனிக்கடை போட்டு அதை ஈடுகட்டலாம். மண்பாண்டத்தில் கை பழகவே ஆண்டுகள் ஆகும். பின்னர் கிடைக்கும் வருவாயும் குறைவு. இதுவரை அச்சுமையைத் தாங்கியது குடும்பம். இனி யார் தாங்குவது?

மத்திய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களுக்கு உரியது. கருவி வாங்க ரூ.15,000, சில நாள் பயிற்சி, நாளொன்றுக்கு ரூ.500 உதவித்தொகை, குறைந்த வட்டிக் கடன் ஆகியவை அதில் உண்டு. ஆனால், அது குடும்பத் தொழிலையே அடிப்படையாகக் கொண்டது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்து, மறு ஆண்டே காமராஜர் கைவிட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தைக் ‘குலக்கல்வி’ என்று நினைவில் வைத்திருக்கும் தமிழகம் இதை ஏற்க மறுத்ததில் வியப்பில்லை. மாற்றாக, 2025 ஏப்ரலில் தொடங்கப்பட்ட கலைஞர் கைவினைத் திட்டம் 25 தொழில்களை உள்ளடக்கியது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லை. ரூ.3 லட்சம் வரை கடனும், ரூ.50,000 வரை மானியமும் உண்டு. குறைந்தபட்ச வயது 35.

வயது வரம்பின் நோக்கம் நியாயமானது. இளைஞர்கள் படிப்பைவிட்டுக் குலத்தொழிலுக்குத் திரும்பக் கூடாது என்பதே அது. எனினும், இரு திட்டங்களும் தொழிலை ஏற்கெனவே அறிந்தவருக்கே பெரிதும் உதவுகின்றன. பள்ளிக் கல்வியை முடித்து, விருப்பத்தோடு புதிதாகக் கற்க வரும் இருபது வயதுக்காரருக்கும், அவருக்காக நேரத்தைச் செலவிடும் ஆசானுக்கும் அவற்றில் உரிய இடமில்லை.

1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமும் கைகொடுப்பதில்லை. 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களுக்கு அது கட்டாயம். நால்வருக்குக் குறைந்த இடங்கள் அதன் வரம்புக்குள்ளேயே வருவதில்லை. சக்கரமும் சூளையுமாக ஓரிருவர் உழைக்கும் வீட்டை அச்சட்டம் அறியாது.

வேறு வழி இருக்கிறது என்பதை மாமல்லபுரம் காட்டுகிறது. அங்கு 1957-இல் தொடங்கப்பட்ட சிற்பப் பயிற்சி மையம் இன்று அரசுக் கல்லூரி. பரம்பரையாகக் கைமாறிய உளி, அங்கே எவரும் விண்ணப்பித்துப் பயிலும் பாடமானது. எல்லாத் தொழிலுக்கும் கல்லூரி கட்ட இயலாது, தேவையும் இல்லை. ஓர் ஊரின் சிறு கூடங்களை இணைத்து ஒரே நிறுவனமாகக் கருதச் சட்டத்தில் இடமளிக்கலாம். பதினெட்டு வயது நிறைந்த எவருக்கும், சாதி பாராமல், இரண்டாண்டு உதவித்தொகை வழங்கலாம். ஆசானுக்குக் கற்பிப்புக் கூலியும், முடிப்பவருக்கு அரசுச் சான்றிதழும் தரலாம்.

சந்தை இல்லாத பொருளுக்கு இவையெல்லாம் வீண் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், 2020-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளுக்குத் தடை விதித்த பிறகு, களிமண் சிலைக்கான தேவைக்கு வலுவான காரணம் இருக்கிறது. செய்யும் கைகள்தான் குறைகின்றன.

குலத்தொழிலை மறுத்தது நம் சமூகம் எடுத்த சரியான முடிவு. தொழிலைக் குலத்திடமிருந்து மீட்டு, விரும்புவோர் அனைவருக்கும் உரியதாக்குவது அம்முடிவின் மறுபாதி. அதை இன்னும் நாம் செய்து முடிக்கவில்லை.