பந்து யார் கையில்?

கூடைப்பந்தில் ஓர் அணி பந்தைப் பெற்ற 24 நொடிகளுக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்பது அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் விதி. அந்த 24 நொடிகளில் பந்து யார் கையில் இருக்க வேண்டும்? அணியின் தலைசிறந்த வீரர் கையில் என்று பலரும் தயங்காமல் கூறுவர். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் ஸ்டீபன் கரியைக் குறித்து நெடுங்காலமாக நடந்துவரும் விவாதம் இந்த விடையையே ஐயத்துக்கு உள்ளாக்குகிறது.

கரி 2009ஆம் ஆண்டு அவ்வணியில் சேர்ந்தவர். உயரம் 6 அடி 2 அங்குலம். நம் கண்ணுக்கு நெடியவர். அந்தக் களத்திலோ குள்ளர். அவருடைய வலிமை தொலைவிலிருந்து எறிவதில் உள்ளது. மூன்று புள்ளிக் கோடு கூடைக்கு நேர் எதிரே 23 அடி 9 அங்குலத் தொலைவில் அமைந்திருக்கிறது. அதற்கும் சில அடி பின்னால் நின்று எறிய வல்லவர் அவர். ஆகவே, அவர் நடுக்கோட்டைத் தாண்டிய உடனேயே எதிரணியினர் அவரை நெருங்கி நிற்க நேர்கிறது.

இத்தகைய கார்டு ஒருவரிடம் பந்தை ஒப்படைத்துவிடுவது ஒரு வழி. உயரமான தோழர் ஒருவர் தடுப்பாளரின் பாதையில் சுவர்போல் நிற்பார். இதற்கு ஸ்கிரீன் என்று பெயர். கரி அச்சுவரைச் சுற்றி வருவதற்குள் தடுப்பாளர் அரை நொடி பின்தங்கிவிடுவார். கரிக்கு அந்த அரை நொடி போதும். ஹியூஸ்டன் அணி ஜேம்ஸ் ஹார்டனை ஏறத்தாழ இவ்வாறே பயன்படுத்தியது. 2018-19 பருவத்தில் அவர் ஆட்டத்துக்குச் சராசரியாக 36.1 புள்ளிகள் குவித்தார். ஆயினும், அவரை முன்னிறுத்திய அந்த அணி ஒருமுறைகூட இறுதிப் போட்டியை எட்டவில்லை. மற்ற நால்வர் பெரும்பாலும் நின்று பார்க்கும் ஆட்டம் அது. நெடுநேரம் பந்தைத் தொடாதவரின் கைக்குத் தேவையான கணத்தில் குறி வாய்ப்பது அரிது.

2014இல் வாரியர்ஸின் பயிற்சியாளராக வந்த ஸ்டீவ் கெர் வேறு வழியைத் தேர்ந்தார். பந்து டிரேமண்ட் கிரீன் போன்றோர் கையில் இருக்கும். கரி வெறுங்கையுடன் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குத் தோழர்களிடையே புகுந்து ஓடுவார். அவரைத் தொடர்ந்து இரு தடுப்பாளர்கள் திரும்பும் வேளையில், வேறொருவர் கூடைக்கு அடியில் தனித்து நிற்பார். அவர் பெறும் புள்ளியின் கணக்கில் கரியின் பெயர் எங்கும் இராது. பந்தின்றி ஓடுவதை ஓய்வு என்று கருதுவோர், பந்தை விடுத்துக் கரியை மட்டும் 10 நிமிடம் உற்றுப் பார்க்கட்டும். இம்முறையால் 2015இல் அவ்வணி 40 ஆண்டுகளுக்குப் பின் பட்டம் வென்றது. அடுத்த பருவத்தில் 82 ஆட்டங்களில் 73 வெற்றி. கரியின் கணக்கில் 402 மூன்று புள்ளி எறிதல்கள்.

கெர்ருக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. 1986-87இல் மைக்கேல் ஜோர்டான் சராசரியாக 37.1 புள்ளிகள் எடுத்தும் சிகாகோ புல்ஸ் முதல் சுற்றிலேயே பாஸ்டனிடம் 0-3 எனத் தோற்றது. பின்னர் ஃபில் ஜாக்சன் பந்தை ஐவருக்கும் பகிர்ந்தளிக்கும் முறையைப் புகுத்தினார். 1991இல் முதல் பட்டம் கிட்டியது. 1997 இறுதிப் போட்டியின் ஆறாம் ஆட்டம் 86-86 எனச் சமநிலையில் இருந்தபோது, இருவரால் சூழப்பட்ட ஜோர்டான் பந்தை வேறொருவரிடம் அளித்தார். அதைப் பெற்று எறிந்து பட்டத்தை உறுதிசெய்தவர் இதே ஸ்டீவ் கெர்.

எனினும், மறுதரப்பின் குறையை எளிதில் தள்ளிவிட இயலாது. 2020-21இல் கரி சராசரியாக 32 புள்ளிகளுடன் அனைவரையும் விஞ்சினார். அணியோ பிளேஆஃப் சுற்றுக்கே நுழையவில்லை. பந்தைத் துல்லியமாக வழங்கவும் தொலைவிலிருந்து எறியவும் தெரிந்த துணைவர்கள் இல்லையேல், கரியின் ஓட்டம் வீண் ஓட்டமே. ஆட்டத்தின் இறுதி நிமிடங்களிலும் இதே இடர் எழும். தடுப்பாளர்கள் கையைப் பற்றியும் தோளால் தள்ளியும் அவரை மறிக்க, பந்து அவரை வந்தடையும் முன்பே நேரம் கரைந்துவிடும். அப்பொழுது பந்தை நேரே அவர் கையில் தருவதே தக்கது.

கெர் இதை உணராதவர் அல்லர். 2022 இறுதிப் போட்டியில் பாஸ்டன் 2-1 என முன்னிலை பெற்றிருந்தது. நான்காம் ஆட்டத்தில், பாஸ்டனின் நெடிய தடுப்பாளர்கள் பின்வாங்கி நிற்பதைக் கண்டு, ஸ்கிரீன் ஆட்டத்தில் பந்தைக் கரியிடமே மீண்டும் மீண்டும் ஒப்படைத்தனர். அன்று அவர் 43 புள்ளிகள் எடுத்தார். பட்டமும் 4-2 என வாரியர்ஸுக்கே கிடைத்தது. ஆட்டத்தின் பெரும்பகுதிக்கு ஓட்டம், நெருக்கடிக்குப் பந்து என்னும் இந்த வரிசைதான் சரியானது. இதைத் தலைகீழாக்கினால், கடைசி நிமிடத்தில் எதிரணிக்குப் புதிதாக எதுவும் இராது.

2024இல் பாரிஸ் ஒலிம்பிக் இறுதியாட்டம் பிரான்சுடன் நடந்தது. அமெரிக்க அணிக்குக் கெர்தான் பயிற்சியாளர். அத்தொடரில் பந்தைப் பெரும்பாலும் நடத்திச் சென்றவர் லெப்ரான் ஜேம்ஸ். முதல் நான்கு ஆட்டங்களில் கரியின் எறிதல் சோபிக்கவில்லை. இறுதியாட்டத்தின் கடைசி 3 நிமிடங்களுக்குள் அவர் நான்கு முறை மூன்று புள்ளி எறிதலை நிறைவேற்றினார். நான்காவதை எறிந்தபோது இரு பிரெஞ்சு வீரர்கள் கை உயர்த்தி அவருக்கு நேர் எதிரே நின்றனர். அமெரிக்கா 98-87 என வென்றது.