மணல்மேட்டில் ஜேசிபி ஏறக் கூடாது

பதிவு நீளம்தான். பாதி படித்துவிட்டு லைக் போடாதீர்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கியவர்கள் யார் யார் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நம் பள்ளி முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதமாக ஒரு திட்டம் ஓடுகிறது. பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்கு வரும்போது இரண்டு ஜேசிபி பிடித்து, ஊருக்குக் கிழக்கே மணல்மேட்டில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவையை வேரோடு தோண்டி, மேட்டைச் சமப்படுத்தி, சவுக்குக் கன்று நடுவதாம். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பணம் வந்து சேர்ந்துவிட்டது. பேனர்கூடத் தயார். அதில் என் படமும் இருக்கிறது. என்னை யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். இப்போது எல்லோருக்கும் தெரியச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நான் கருவைக்கு வக்கீல் இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட மரம் அது. நம் பக்கத்துக் கோடியக்கரையில் வெளிமான் மேயும் புல்வெளியை அது பிடித்துக்கொண்டதையும், வனத்துறை ஆண்டுக்கணக்கில் அகற்றிக்கொண்டிருப்பதையும் பார்க்கிறோம். அது போக வேண்டியதுதான். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கிறது, மழையை விரட்டுகிறது, அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகிறது என்று குழுவில் வரும் செய்திகளை நம்பாதீர்கள். ஆழமாக வேர்விட்டு நிலத்தடி நீரை எடுக்கிறது, தன் அடியில் வேறு செடியை வளரவிடுவதில்லை. உண்மையான குற்றமே போதும், பொய்ச்சாட்சி தேவையில்லை.

இப்போது மேட்டைப் பற்றி. ஐந்தாம் வகுப்பில் சொன்னதுதான், மறந்திருப்பீர்கள். கடற்காற்று கொண்டுவரும் மணலை அடும்புக்கொடி பிடித்து நிறுத்துகிறது. மணல் மூட மூட, கொடி மேலே ஏறிக் கணுவுக்குக் கணு வேர்விடுகிறது. அதனோடு இராவணன் மீசையும் சேர்ந்துகொள்ளும். அதன் முள் உருண்டை காற்றில் உருள, அதைத் துரத்திக்கொண்டு ஓடிய பிள்ளைகள்தானே நீங்கள்! இந்த இரண்டும் சேர்ந்து கட்டிய சுவர்தான் மேடு. புயலில் கடல் அதிலிருந்து மணலை எடுத்துக்கொள்ளும். பிறகு மெல்லத் திருப்பிக் கொடுக்கும். மேட்டில் விழும் மழை உள்ளே இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் நல்ல தண்ணீராக மிதந்து நிற்கும். கஜா புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாதபோது, நம் தெரு குடித்தது மேட்டடி ஊற்றுத் தண்ணீரைத்தான். வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத் தெரியாது. உங்கள் அம்மாவிடம் கேளுங்கள்.

2004 டிசம்பர் 26-ஐயும் கேளுங்கள். மேடு உயர்ந்து நின்ற வடக்குத் தெருவில் தண்ணீர் வாசல்படியோடு நின்றது. வண்டி போக மேட்டை வெட்டிப் பாதை போட்டிருந்த இடத்தில்தான் கடல் உள்ளே புகுந்தது. அந்தத் தெருவிலிருந்து என் வகுப்பில் படித்த இரண்டு பிள்ளைகளின் பெயரை நான் வருகைப் பதிவேட்டில் அடிக்க வேண்டியிருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். ஜேசிபி மேட்டில் ஏற வேண்டுமானால் முதலில் அதற்கு ஒரு பாதை வெட்ட வேண்டும் என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

ஏறிய பிறகு என்ன ஆகும்? நாம் வேண்டாம் என்கிற கருவையோடு, வேண்டும் என்கிற அடும்பும் போகும். ஓட்டுபவருக்கு மணிக்கணக்கில் கூலி. அவர் நாட்டுக்கருவேலம் எது, சீமைக்கருவை எது என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். கருவை விதையின் தோல் கெட்டியானது. ஆடு தின்று புழுக்கையில் போட்டாலும் முளைக்கும், மண்ணுக்குள் வருடக்கணக்கில் காத்தும் கிடக்கும். புரட்டிப் போட்டு வெயில் பட்ட வெறும் மணலில், அடுத்த மழைக்கு அதுதான் முதலில் தலைகாட்டும். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னபோது எத்தனை ஊரில் பொக்லைன் இறங்கியது, எத்தனை செல்ஃபி வந்தது! பின்னால் யாரும் போய்ப் பார்க்காத இடங்களில் இன்று என்ன நிற்கிறது என்று பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம் சவுக்கு நட வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். உங்களில் பலர் அன்று ஏழாம், எட்டாம் வகுப்பு. வரிசையாக மேட்டுக்கு அழைத்துப் போனேன். கன்று வைக்க இடம் வேண்டுமென்று அடும்புக்கொடியைக் களை என்று சொல்லிப் பிடுங்கச் சொன்னதும் நான்தான். யார் கொத்து பெரியது என்று போட்டி வைத்து, ஜெயித்தவனுக்குப் பேனா கொடுத்தேன். அடுத்து வந்த காற்றில் அந்த இடத்து மணல் வீட்டு முற்றங்களுக்கு வந்தது. சவுக்கு வளர்ந்ததும் சருகு மெத்தைபோல் மூடி, கொடி திரும்ப ஏறவே இல்லை. 2018 நவம்பரில் கஜா வந்து சவுக்கைச் சாய்த்துப் போட்டது. வெறுமையாகிப்போன அந்த மணலில் ஆடுகள் கொண்டுவந்து போட்ட விதைதான் இன்று நீங்கள் ஒழிக்கப் புறப்பட்டிருக்கும் கருவைக்காடு. அதை வளர்த்ததில் உங்கள் டீச்சருக்கும் பங்கு இருக்கிறது. அதே வேலையை இப்போது இயந்திரத்தை வைத்து இன்னும் பெரிதாகச் செய்யப் போகிறீர்கள்.

"நாலுவேதபதியில் மரம்தானே காப்பாற்றியது?" என்று என் தம்பி ஒருவன் குழுவில் கேட்டிருக்கிறான். 2002-ல் ஒரே நாளில் எண்பதாயிரம் கன்றுகளுக்கு மேல் நட்ட அந்த ஊரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மேட்டின் தலையில் வேண்டாம். அதற்குப் பின்னால் சமநிலத்தில் புன்னை வையுங்கள், பனை விதை ஊன்றுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பில், 2011-லும் சரி 2019-லும் சரி, மணல்மேடு முதல் பிரிவில், அதாவது மிகவும் பாதுகாக்க வேண்டிய இடங்களில் வருகிறது. அதைச் சமப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. நல்ல எண்ணம் என்று சொன்னால் வழக்கு நிற்காது. இன்னொன்று, தை முதல் பங்குனி வரை நம் கரையில் பங்குனி ஆமை முட்டையிட ஏறும் காலம். அந்த நேரம் பார்த்தா ஜேசிபி?

சரி, என்னதான் செய்யலாம்?

1. ஊராட்சியில் தீர்மானம் போட்டு, வனத்துறையிடமும் வருவாய்த்துறையிடமும் எழுத்தில் அனுமதி கேளுங்கள். மனுவை நான் எழுதித் தருகிறேன். கையெழுத்து அழகாக இருக்கும்.

2. மழையில் மணல் ஈரமாக இருக்கும்போது சின்னக் கன்றுகளைக் கையாலேயே பிடுங்கலாம். பெரிய மரத்தைத் தரையோடு வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். சுற்றிலும் மண்வெட்டியால் பறித்து, ஒரு சாணுக்குக் கீழே, துளிர் கிளம்பும் வேர்த்தலையோடு வெட்டி எடுக்க வேண்டும். காய் பழுக்கும் முன் செய்ய வேண்டும்.

3. ஒரே நாளில் முழு மேட்டையும் மொட்டையடிக்காதீர்கள். ஒரு திட்டு எடுத்தால், அடும்புத் தண்டை முழ நீளம் வெட்டி, கணு மண்ணுக்குள் இருக்கும்படி அங்கே ஊன்றிவிட்டுத்தான் அடுத்த திட்டு. வெட்டிய முள்கிளையில் காய் இல்லையென்றால் அதையே காற்று வரும் பக்கம் வேலியாகப் போடுங்கள். மணலையும் பிடிக்கும், ஆட்டையும் தடுக்கும்.

4. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் போய்ப் புது முளையைப் பிடுங்க வேண்டும். வருடக்கணக்கில்.

இந்தக் கடைசி வேலைதான் யாருக்கும் பிடிக்காது. அதற்குத் திறப்பு விழா இல்லை, பேனர் இல்லை. "டீச்சர், கையால புடுங்குனா பத்து வருஷம் ஆகும்" என்று ஒருவன் எழுதியிருக்கிறான். ஆகட்டுமே. நீங்கள் சேர்த்த பணத்தை ஜேசிபி வாடகைக்குக் கொடுத்தால் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். நூறு நாள் வேலைக்குப் போகும் நம் தெருப் பெண்களுக்குக் கூலியாகக் கொடுத்தால், இரண்டு மூன்று மழைக்காலம் வேலை நடக்கும். வேர் எது, களை எது என்று அவர்களுக்கு உங்களைவிடவும் என்னைவிடவும் நன்றாகத் தெரியும். 2005-ல் "டீச்சர், அடும்பைப் பிடுங்காதீங்க" என்று என்னிடம் சொன்னது மீன் விற்க வந்த ஒரு பாட்டிதான். ஆசிரியர் பயிற்சி முடித்த நான் அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

பேனரிலிருந்து என் படத்தை எடுத்துவிடுங்கள். ஜேசிபிக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள். அனுமதி கிடைத்துவிட்டால், காணும் பொங்கல் அன்று காலை ஆறு மணிக்கு மேட்டடி ஊற்றுப் பக்கம் வாருங்கள். ஈரம் காய்வதற்குள் சின்னக் கன்றுகளில் தொடங்கலாம். தடித்த கையுறையும் காலில் ஷூவும் கட்டாயம், கருவை முள் செருப்பைத் துளைக்கும். கடுங்காப்பி நான் கொண்டுவருகிறேன். அதிகம் பிடுங்கியவருக்கு இந்த முறையும் ஒரு பேனா உண்டு, அடும்பைத் தொடாமல் இருந்தால்.

அன்புடன்,
உங்கள் பழைய டீச்சர்